மாப்பிள்ளைக்குப் போட்ட சிவப்பு

சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஆனா திட்டு மட்டும் உலகத்தோட எல்லா மூலையிலேர்ந்தும் வந்து சேரும்; இதுக்குப் பேர்தான் ஓப்பன் சோர்ஸ்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. கம்ப்யூட்டர்ல எழுதற எடிட்டர் ஒண்ணு இருக்குன்னு வைங்க. அதோட ஒட்டிக்கிட்டு கூடுதலா ஒரு வேலை செஞ்சு கொடுக்கற சின்ன புரோகிராம்தான் எக்ஸ்டென்ஷன். எங்களோடது பேரு ‘நண்டு’. டிடிபி கடைகள்ல பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சு வெச்ச ஃபைலை இப்ப எல்லாரும் வெச்சிருக்கற யூனிகோடுக்கு மாத்திக் கொடுக்கும். இலவசம். கோடு, அதாவது புரோகிராமை எழுதின வரிகள், எல்லாருக்கும் திறந்தே கிடக்கும், யார் வேணும்னாலும் திருத்தி அனுப்பலாம். அனுப்பினதை இன்னொருத்தர் படிச்சுப் பார்த்து, சரின்னா பச்சை, சரியில்லைன்னா சிவப்பு போடணும். பச்சை விழாம எதுவும் உள்ளே போகாது. இந்தச் சட்டத்தை வெச்சது நான்தான், பின்னாடி அனுபவிச்சதும் நான்தான்.

நண்டை உருவாக்கினவர் என் அக்கா வீட்டுக்காரர், பாஸ்கர் மாமா. சிதம்பரத்துல ஒரு தனியார் காலேஜ்ல கம்ப்யூட்டர் வாத்தியார். அவர் எழுதறதைப் படிச்சுக் கலர் போடறது என் வேலை. நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல அம்மாவோட இருந்துகிட்டு, சென்னை கம்பெனி ஒண்ணுக்கு வீட்லேர்ந்தே வேலை பாக்கறேன். சொந்தக்காரங்களோட கூட்டு சேர்ந்து எதையாவது ஆரம்பிச்சு மாட்டிக்கிட்டவங்க யாராவது இதைப் படிச்சா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நானும் உங்க பெஞ்ச்தான்.

முதல் சிவப்பு

மாமா அனுப்பின முதல் பெரிய திருத்தத்துல ஒரு கோளாறு. ஃபைல்ல எழுத்தே இல்லைன்னா நண்டு அப்படியே செத்து விழுந்துடும். இதுல யோசிக்க என்ன இருக்கு? சிவப்பு போட்டு, "காலி ஃபைலுக்கு நின்னு போகுது, சரி பண்ணுங்க மாமா"ன்னு மரியாதையாத்தான் கீழே எழுதினேன். எழுதி முடிச்சுத் தண்ணி குடிக்கறதுக்குள்ள அக்கா மலர்கிட்டேர்ந்து போன். "ஏண்டி தேனு, அவரு பாதி சாப்பாட்டுல எழுந்துட்டாருடி. காலேஜ் பசங்கல்லாம் அந்தப் பக்கத்தைப் பாப்பாங்களாமே. ஊரே பாக்கறாப்புல செவப்பா போடணுமா? எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நான் பக்குவமா சொல்லியிருக்க மாட்டேனா?"

அக்காவுக்கு கம்ப்யூட்டர்ல கரண்ட் பில் கட்டத் தெரியும், அத்தோட சரி. அவ வழியா நான் என்னன்னு சொல்லி அனுப்பறது? அவகிட்ட ஆமாம் ஆமாம்னு சொல்லிட்டு வெச்சேன். திரும்பிப் பாத்தா அம்மா கரண்டியோட நிக்கறாங்க. அவங்களுக்குத் தனியா போன் போயாச்சு. எங்க வீட்ல மாப்பிள்ளை வர்றார்னா வஞ்சிரம் வாங்கற வழக்கம். டீயில சர்க்கரை ஜாஸ்தின்னு அவர் புருவத்தைத் தூக்கினாலே அம்மா கீழே ஊத்திட்டுப் புதுசா போடுவாங்க. என்னை மேலயும் கீழயும் பாத்துட்டுக் கேட்டாங்க: "மாப்பிள்ளை கேட்டதுக்கு இல்லைன்னு சொல்ற பழக்கம் நம்ம வீட்ல என்னைக்கிலேர்ந்து?"

டீ கிளாஸ் தெரியற புகார்

நண்டை யார் யார் வெச்சிருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாது. சும்மா கிடைக்கற சாமான், எடுக்கறவங்க சொல்லிட்டா எடுக்கறாங்க? பேரும் முகமும் தெரிஞ்ச ஒரே வாடிக்கை ரபீக் பாய். ஊர் பரங்கிப்பேட்டை. கூடப் பொறந்தவங்கல்லாம் துபாய், சவுதின்னு போயிட, இவர் மட்டும் "பஸ்ல போயி பஸ்ல வர்ற தூரமே எனக்குப் போதும்"னு சிதம்பரத்துல கீழ வீதிப் பக்கம் ஒரு சந்துல டிடிபி கடை போட்டவர். ஆராய்ச்சி மாணவர்களோட தீசிஸை அடிச்சு, பிரிண்ட் எடுத்து, பைண்டிங் வரைக்கும் முடிச்சுக் கொடுக்கறதுதான் பொழப்பு.

புகார் எழுதறதுக்குன்னு எங்களுக்குத் தனிப் பக்கமே இருக்கு. பாய் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டார். ஸ்கிரீனை போன்ல போட்டோ எடுத்து அனுப்புவார். அதுல பாதி ஸ்கிரீன், பாதி அவரோட டீ கிளாஸ். கூடவே "தங்கச்சி, என்னமோ ஆடுது பாருங்க"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ். என்ன ஆடுதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்குத் தலை ஆடிடும்.

அப்படி ஒரு நாள் பேசிட்டிருந்தப்பதான் வளர்மதி பேரைச் சொன்னார். கடலூர் சோனாங்குப்பத்துப் பொண்ணு, மீன்பிடிக் குடும்பம், அவங்க தெருவுல பிஎச்.டி. வரைக்கும் வந்த முதல் ஆள். கரைவலை இழுக்கறப்ப பாடுவாங்களே அம்பாப் பாட்டு, அதைத் திரட்டித்தான் ஆராய்ச்சி. வருஷக்கணக்கா பழைய ஃபான்ட்ல அடிச்சு வெச்சிருந்ததை நண்டு வழியா மாத்திட்டிருக்காங்களாம். ஏற்கெனவே நீட்டிப்பு கேட்டு வாங்கியாச்சு, இந்தக் கடைசித் தேதியும் தாண்டினா பதிவே ரத்து, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பாய் சிரிச்சுகிட்டேதான் சொன்னார், ஆனா எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு: "பாத்துக்குங்க தங்கச்சி, உங்க நண்டு இந்தப் புள்ள காலைக் கடிச்சுடப் போவுது."

விரல் எங்க இருக்கு

நான் பச்சை போட்டுட்டா மட்டும் வேலை முடிஞ்சுடாது. புது நண்டை வெளியிடற பட்டன்னு ஒண்ணு இருக்கு. அதை அழுத்தினாத்தான் எல்லார் கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேரும். அதுக்கான சாவி, அதாவது ஒரு நீளமான பாஸ்வேர்டு, மாமாகிட்ட மட்டும்தான். மாமா அழுத்தறதுக்கு முன்னாடி சுவத்துக் காலண்டரைப் பாப்பார். ராகு காலம் கூடாது, எமகண்டம் கூடாது, அஷ்டமி நவமின்னா அன்னைக்கு நண்டுக்கும் லீவு.

ஒரு வெள்ளிக்கிழமை பாய் கடையில பாதி எழுத்து கட்டம் கட்டமா தெரிய ஆரம்பிச்சுடுச்சு. கடையில ஆளுங்க கியூ. விழுந்தடிச்சுக்கிட்டு பத்தரைக்குள்ள சரி பண்ணி, பச்சையும் போட்டுட்டு, "மாமா அழுத்துங்க"ன்னேன். "பத்தரை ஆயிடுச்சே, பன்னண்டு வரைக்கும் ராகு காலம்"னார். பாய் அந்தப் பக்கம் போன் மேல போன். எனக்கு வந்ததே கோவம். "சர்வர் எங்கயோ வெளிநாட்டுல கிடக்கு மாமா, அங்க இன்னும் பொழுதே விடியலை. இது எந்த ஊரு ராகு காலம்?"னு கேட்டேன். மாமா கொஞ்சங்கூட அசரலை. "சர்வர் எங்க வேணா இருக்கட்டும் தேனு. பட்டனை அழுத்தற விரல் சிதம்பரத்துலதான இருக்கு?"

சுத்தம்

பழைய ஃபைலை மாத்தறப்ப சில சமயம் ஒரே வரி ரெண்டு தடவை விழும். மாமாவோட காலேஜ் பசங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் அப்படித்தான், காப்பி பண்ற அவசரத்துல ஒரே வரியை ரெண்டு இடத்துல ஒட்டிடுவாங்க. பாத்துப் பாத்து எரிச்சலாகி மாமா ஒரு திருத்தம் எழுதினார். பேரு ‘சுத்தம்’. அடுத்தடுத்து ஒரே வரி வந்தா, சேவ் பண்றப்பவே ஒண்ணை மட்டும் வெச்சுட்டு மிச்சத்தைத் தூக்கிடும். கேக்காது, சொல்லாது.

படிச்ச உடனே சிவப்பு. "யாராவது வேணும்னே ரெண்டு தடவை எழுதியிருந்தா?"ன்னு கேட்டேன். "யார் எழுதுவா?"ன்னார். "யாராவது"ன்னேன். இப்படியே பக்கம் நீண்டுகிட்டே போச்சு. முன்ன பின்ன தெரியாத ஒரு ஆளு நடுவுல சிரிக்கற பொம்மை வேற போட்டுட்டுப் போனார். அந்த ஞாயித்துக்கிழமை மாமாவும் அக்காவும் வீட்டுக்கு வந்தாங்க. மாமா என்கூடப் பேசலை. "மலர், உன் தங்கச்சிய கொஞ்சம் தண்ணி கொண்டாரச் சொல்லு"ன்னார். நான் அவருக்கு நேர் எதிர்லதான் உக்காந்திருந்தேன். கொண்டு வந்து கொடுத்ததை வாங்கி, குடிக்காம கீழே வெச்சார்.

அக்காதான் பஞ்சாயத்து பண்ணினா. ‘சுத்தம்’ இருக்கட்டும், ஆனா அதுக்கு ஒரு சுவிட்ச் வெச்சு, ஆஃப் பண்ணி மூடியே அனுப்பணும், வேணும்ங்கறவங்க திறந்துக்கட்டும். மாமா அங்கயே லேப்டாப்பைத் திறந்து சுவிட்ச் எழுதினார். நான் ஒவ்வொரு வரியா படிச்சுப் பச்சை போட்டேன். அம்மாவுக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு, அடுப்பைப் பத்த வெச்சு மீனைப் போட்டாங்க. சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்த மாமா அன்னைக்கு முதல் தடவையா என் முகத்தைப் பாத்துப் பேசினார்: "மூடித்தான் அனுப்பறேன், போதுமா? மாமா மேல இவ்ளோ சந்தேகம் ஆவாது உனக்கு."

மெலிஞ்ச பாட்டு

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு உக்காரப் போறேன், பாய்கிட்டேர்ந்து போன். போட்டோ இல்லை, வாய்ஸ் மெசேஜ் இல்லை, நேரா போன். "தங்கச்சி, பாட்டெல்லாம் மெலிஞ்சு போச்சு"ன்னார். வளர்மதியோட தீசிஸைப் பிரிண்ட் எடுக்க ஆரம்பிச்சிருக்கார், பக்கம் குறையுது. என்னன்னு பாத்தா, ஒவ்வொரு பாட்டுலயும் ‘ஏலேலோ’ வரி ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது. வளர்மதி பக்கத்துல உக்காந்து அந்த வரிகளைத் திரும்ப அடிச்சு சேவ் பண்ணியிருக்கா. கண்ணு முன்னாடியே காணாமப் போயிருக்கு. மறுபடி அடிச்சா மறுபடியும் போகுது.

சாப்பாட்டை மூடி வெச்சுட்டுக் கோடைத் திறந்தேன். நான் பச்சை போட்டதுக்கப்புறம், வெளியிடறதுக்கு முன்னாடி, மாமா அந்தச் சுவிட்சையே கழட்டிட்டார். வெளியிடற சாவி யார் பச்சையையும் கேக்காது, அது அவர்கிட்டதானே இருக்கு. ‘சுவிட்ச் இருந்தா ஜனங்க குழம்புவாங்க’ன்னு ஒரு குறிப்பு. ‘சுத்தம்’ கேட்பாரில்லாம நேரா ஓடுது. எனக்கு வந்த ஆத்திரத்துல மானிட்டரைத் தூக்கிப் போட்டிருப்பேன், கம்பெனியோடதுன்னு விட்டேன். பாய்கிட்ட பழைய நண்டைப் போடச் சொன்னேன். போட்டார். கரண்ட் போயிட்டு வந்துச்சு, புது நண்டு தானா வந்து உக்காந்துடுச்சு. நண்டே வேணாம்னு எடுத்தா, இன்னும் மாத்தாத அத்தியாயமெல்லாம் கிறுக்கல் கிறுக்கலா தெரியுது. கடைசித் தேதி மறுநாள். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள தாளைக் கொடுத்தாத்தான் பைண்டிங் பண்றவர் காலையில தருவார்.

போனை அந்தப் பொண்ணுகிட்ட கொடுக்கச் சொன்னேன். எந்தெந்தப் பாட்டுல எவ்ளோ போயிருக்குன்னு கேட்டேன். "எல்லாத்துலயும்"னா. கத்துவான்னு எதிர்பாத்தேன், கத்தலை. வகுப்புல பாடம் சொல்ற மாதிரி நிதானமா சொன்னா, குரல் மட்டும் அடிக்கடி உடைஞ்சுது: "வலை லேசா இருந்தா அந்த வரி கொஞ்சம் வரும் மேடம், கனமா இருந்தா நிறுத்தாம வந்துகிட்டே இருக்கும். எத்தினி தடவ வருதுன்னு எண்ணுனதுதான் என் தீசிஸே."

முட்லூர் வரைக்கும்

கம்பெனிக்கு வயித்துவலின்னு மெசேஜ் போட்டேன். லேப்டாப்பை எடுத்துக்கிட்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். ‘சுத்த’த்தையே அடியோட தூக்கற திருத்தம், ஆலப்பாக்கம் வர்றதுக்குள்ள எழுதி அனுப்பிட்டேன். ஆனா நான் எழுதினதுக்கு நானே பச்சை போட முடியாது. மாமாதான் போடணும், அழுத்த வேண்டியதும் மாமாதான். மாமா வகுப்புல. போன் எடுக்கலை. புதுச்சத்திரத்துலயும் எடுக்கலை. நான் போன் பண்றதும், வெளியே பாக்கறதும், பல்லைக் கடிக்கறதுமா வர்றேன். ஒவ்வொரு ஸ்டாப்லயும் கண்டக்டர் இன்னொரு ஆளை ஏத்தறப்ப அவர் மேலயும் கோவம்.

பி.முட்லூர்ல மாமாவே கூப்பிட்டார். என் திருத்தத்தைப் பாத்துட்டார். "தூக்கறதுன்னா என்னா அர்த்தம்? நான் போட்டதை ஊர் பாக்க நானே தூக்கணுமா?" நான் வளர்மதி கதையைச் சொன்னேன். எந்தப் பொண்ணு, எந்தக் கடைன்னு கேட்டுகிட்டார். அப்புறம், "சரி, பாக்கறேன். ஆனா மணி மூணாவப் போவுது. செவ்வாக்கெழமை. நாலரை வரைக்கும் ராகு காலம். அதுக்கப்பறம் பாக்கலாம்"னார். நாலரைக்கு அழுத்தி, அதுக்கு மேல போன வரியெல்லாம் திரும்பச் சேத்து, பிரிண்ட் எடுத்து... பைண்டிங் கடை அது வரைக்கும் திறந்திருக்குமா? "மாமா, நீங்களே வந்து அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்து நாலரைன்னு சொல்லுங்க!"ன்னு கத்திட்டேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. மாமா கட் பண்ணிட்டார்.

பக்கத்து சீட்டுல ஒரு அம்மா, காடாம்புலியூர்க்காரங்க, மடியில முந்திரிப் பருப்புப் பையோட இவ்ளோ நேரமும் கேட்டுகிட்டே வந்தாங்க. குடும்பத் தகராறான்னு கேட்டாங்க. இல்லைங்க, சாஃப்ட்வேர்னு சொன்னேன். அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு தோணியிருக்கும் போல. பையை இன்னும் கொஞ்சம் இழுத்து மடியில வெச்சுகிட்டுச் சொன்னாங்க: "அக்கா வூட்டுக்காரர்கிட்ட கத்தி என்னாம்மா ஆவப் போவுது, அக்காகிட்ட கத்து."

ரபீக் பாய் கடையில்

அக்காகிட்ட கத்தினேன். அவ அவர்கிட்ட என்ன சொன்னாளோ, இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேரும் சொல்லலை. நான் கடைக்குப் போறப்ப வாசல்ல மாமாவோட ஸ்கூட்டர். உள்ளே கழுத்துல காலேஜ் ஐடி கார்டோட, மூஞ்சியை உர்ருன்னு வெச்சுகிட்டு மாமா. என்னைப் பாக்கலை. பாய்கிட்ட "எங்க, காட்டுங்க"ன்னார். வளர்மதி ஒல்லியா, தலை கலைஞ்சு போய் உக்காந்திருந்தா. ‘ஏலேலோ’ வரியை அடிச்சா, கீழே மறுபடி அடிச்சா, அதுக்குக் கீழே மறுபடி. சேவ். மூணும் ஒண்ணாச்சு. "இன்னொரு தரம்"னார் மாமா. இன்னொரு தரமும் போச்சு.

வளர்மதி தன் போனை எடுத்து மேஜை மேல வெச்சு, பதிவை ஓட விட்டா. "எங்கப்பா"ன்னு மட்டும் சொன்னா. ஒரு கட்டைக் குரல், பின்னாடி ஏழெட்டுப் பேர் குரல், கடல் காத்து இரைச்சல். அதே வரி, அதே வரி, அதே வரி. போகப் போக அவருக்கு மூச்சு வாங்குது, வார்த்தை பாதியிலேயே நிக்குது, ஆனா வரி விடலை. பாய் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திட்டார். மாமா தலையைக் குனிஞ்சுகிட்டு முழுசும் கேட்டார். பஸ் முழுக்க நான் சேத்து வெச்சிருந்த வசவெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. அவரைப் பாக்கப் பாவமா இருந்துச்சு, எனக்கு அந்தப் பாவப்படறதும் பிடிக்கலை.

பதிவு முடிஞ்சதும் மாமா லேப்டாப்பைத் திறந்தார். என் திருத்தத்தை ஒவ்வொரு வரியா வாய் விட்டுப் படிச்சார். பச்சை போட்டார். வெளியிடற பக்கத்துக்குப் போய் சாவியைப் போட்டார். பட்டன் மேல விரலைக் கொண்டு போனவர், சுவத்துல பாயோட கடிகாரத்தைப் பாத்துட்டார். மூணரைகூட ஆகலை. விரல் அப்படியே நிக்குது. வளர்மதி அவர் விரலைப் பாக்கறா, நான் பாக்கறேன், பாய் வாய்க்குள்ள என்னமோ ஓதறார். மாமா கையை எடுத்துட்டு, லேப்டாப்பை அப்படியே என் பக்கம் திருப்பினார்: "இந்தா, இனிமே சாவி உன்கிட்டயும் இருக்கட்டும். நீயே அழுத்து, உனக்குத்தான் இதுலல்லாம் நம்பிக்கை இல்லையே."

ஒண்ணு கம்மி

அழுத்தினேன். வளர்மதி மூணு தடவை அடிச்சு சேவ் பண்ணினா. மூணும் நின்னுச்சு. ஆனா போனது போனதுதானே? பழைய ஃபான்ட் ஃபைல்கள் பாய்கிட்ட பத்திரமா இருந்துச்சு. அதோட ஒப்பிட்டுப் பாத்து, காணாமப் போன வரிகளைத் திரும்ப நிரப்ப நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். கடைசி அத்தியாயத்துக்கு அதுவும் கிடையாது, அதை நேரா புதுசுலயே அடிச்சிருக்காங்க. பதிவைக் கேட்டுக் கேட்டுத்தான் எண்ணணும். மாமா எண்ணினார், பாய் அடிச்சார், வளர்மதி சரிபாத்தா. எங்க வீட்டு சோபாவுல கால் மேல கால் போட்டு உக்கார்ற மாப்பிள்ளை, பிளாஸ்டிக் ஸ்டூல்ல குனிஞ்சு, கண்ணை மூடிகிட்டு விரல் மடக்கிட்டிருந்தார்.

ஒரு பாட்டுல வளர்மதி, "சார், ஒண்ணு கம்மியா சொல்றீங்க"ன்னா. "சரியாத்தான் எண்ணுனேன்"னு மாமா வெடுக்குன்னு சொன்னார். பழைய மாமா எட்டிப் பாத்துட்டார். வெளியே வெயில் இறங்கிட்டிருக்கு, இதுல சண்டை வேறயான்னு நினைச்சேன். பதிவைத் திரும்ப ஓட விட்டாங்க. ஒண்ணு கம்மிதான். மாமாவே பாய் பக்கம் திரும்பி, யார் முகத்தையும் பாக்காம சொன்னார்: "எனக்கு ஒரு செவப்பு போட்டுட்டு, அந்த ஒண்ணைச் சேத்துக்குங்க பாய்."

பாதி ஷட்டர்

தாளோட ஓடறப்ப பைண்டிங் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிட்டார். பாய் குனிஞ்சு அந்தப் பாதி ஷட்டருக்குக் கீழே போயிட்டார். உள்ளே கெஞ்சினாரா மிரட்டினாரா தெரியலை, கொஞ்ச நேரத்துல ஷட்டர் மேலே போச்சு. மறுநாள் வேலையில எனக்கு ஒண்ணும் ஓடலை. போனையே பாத்துட்டிருந்தேன். சாயங்காலமா வளர்மதி கூப்பிட்டா. யுனிவர்சிட்டி ஆபீஸ்ல கொடுத்து முத்திரை வாங்கிட்டாளாம், ஒரு பிரதியோட வீட்டுக்கு வந்துட்டாளாம். அழறாளா சிரிக்கறாளான்னே புரியலை: "அப்பா படகுலேர்ந்து நேரா வந்து தொட்டுப் பாக்கணும்னாரு மேடம், மீன் கையோட தொடாத, கழுவிட்டு வான்னு வெரட்டிட்டேன்."

வலை

கொஞ்ச நாள் கழிச்சு மாமாகிட்டேர்ந்து ஒரு திருத்தம். வளர்மதிகிட்டயும் அவ அப்பாகிட்டயும் கேட்டு வாங்கி, அந்தப் பாட்டை ஒரு ஏலேலோ குறையாம நண்டுக்குள்ள ஒரு சோதனையா சேத்திருக்கார். இனிமே யார், எந்த ஊர்லேர்ந்து, என்ன திருத்தம் அனுப்பினாலும் முதல்ல அந்தப் பாட்டு நண்டு வழியா போகும். போன வரி அத்தனையும் திரும்பி வந்தாத்தான் திருத்தம் என் கைக்கே வரும். அடியில எனக்குன்னு ஒரு வரி, ‘மாப்பிள்ளைன்னு பாக்காத.’ படிச்சுட்டுக் கண்ணு கலங்கிடுச்சு. கோடுல ஒரு இடத்துல அடைப்புக்குறியை மூடாம விட்டிருந்தார், கலங்கின கண்ணோடயே சிவப்பு போட்டேன். சரி பண்ணி அனுப்பினார். அக்காகிட்டேர்ந்து போன் வரலை.

சமீபத்துல வெளிநாட்டுலேர்ந்து முகம் தெரியாத ஒருத்தர் ஒரு திருத்தம் அனுப்பினார். நல்ல மனுஷன்தான், நண்டு வேகமா ஓடணும்னு அக்கறை. சோதனைக் கோப்புல ஒரே வரி திரும்பத் திரும்ப வருது, வீண்; ஒண்ணை மட்டும் வெச்சுட்டு மிச்சத்தை எடுத்துட்டேன்னு எழுதியிருந்தார். பதறிப் போய்ப் பக்கத்தைத் திறந்தா, எனக்கு முன்னாடியே மாமா வந்து பட்டைச் சிவப்பா ஒண்ணு போட்டிருந்தார், கீழே ஒரே ஒரு வரி: "எடுக்காதீங்க சார், வலை கனமா இருக்கு."

ஆக மொத்தம், ஓப்பன் சோர்ஸ்ங்கறது யார் வேணும்னாலும் செருப்போடயே வாசல் வரைக்கும் வரலாம்ங்கற வீடு; எங்க வீட்டு மாப்பிள்ளையும் மத்தவங்களோட அங்கயே நின்னு என் பச்சைக்குக் காத்திருக்கார்.